மாதவிடாய் வலியும் மாயத்தோற்றக் கருவியும்

மாதவிடாய்க் காலத்து வயிற்றுவலி சரீரத்தின் வேதனையா, சித்தத்தின் பலவீனமா என்று வைத்திய உலகம் நெடுங்காலம் நடத்திவந்த வழக்கு, கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின்களே தசையை முறுக்கி, இரத்த ஓட்டத்தைக் குறைத்து, அவ்வலியை விளைவிக்கின்றன என்பது நிரூபணமானபோது சரீரத்தின் பக்கமே தீர்ந்தது. இபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் முதலிய ஔஷதங்கள் பலன் தருவதும் அவ்வுற்பத்தியைத் தடுப்பதனாலேயே. இவ்வளவு பிரயாசைக்குப் பின் சித்தத்தினின்று மீட்கப்பட்ட ஒரு வலிக்கு, கண்களை மூடி நிற்கும் மாயத்தோற்றக் கண்ணாடி என்னும் ஒரு கருவியையும் மூச்சுப் பயிற்சியையும் சிகிச்சையாகக் கூற முற்பட்டால், பழைய ஏளனமே புது வேஷத்தில் திரும்புகிறதோ என்று ஸ்திரீகள் ஐயுறுவது முற்றிலும் நியாயமே.

ஆயினும் வலி பிறக்கும் இடம் வேறு, அது உணரப்படும் இடம் வேறு. மெல்சாக், வால் என்னும் இரு ஆய்வாளர்கள் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட வாயிற் கொள்கை, கீழிருந்து வரும் வலிச் செய்தியை முதுகுத்தண்டின் வாயிலிலேயே மூளை குறைக்கவும் கூட்டவும் வல்லது என்று கூறிற்று. சியாட்டில் நகரத்துத் தீக்காய வைத்தியசாலையில் ஹாஃப்மனும் பாட்டர்சனும் இதற்குச் சிறந்ததோர் உதாரணத்தைக் காட்டினர்: காயங்களுக்குக் கட்டு மாற்றும்போது, நோயாளிக்கு முப்பரிமாணக் கண்ணாடியை அணிவித்து, பனிமலைப் பள்ளத்தாக்கில் பென்குவின்கள்மீது பனியுருண்டை எறியும்படி விட்டபோது, வேதனை கணிசமாகக் குறைந்தது. 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முதல் அறிக்கையைப் படித்த எவரும் தீக்காயத்தைக் கற்பனை நோய் என்று சொல்லவில்லை. கருப்பை வலிக்கும் அதே மரியாதையை அளித்துவிட்டு மேலே செல்வோம்.

எனினும் சியாட்டில் அனுபவத்தை அப்படியே மாதவிடாய்க்குப் பெயர்ப்பது தவறு என்பதே என் வாதம். கட்டு மாற்றுவது சிறிது நேரக் காரியம். இந்த வலியோ சாதாரணமாக 8 மணி முதல் 72 மணி வரை நீடிப்பது. கவனத்தை வேறொன்றில் கவர்ந்து வைப்பது கவரும் பொருள் கண்முன் உள்ளவரையே பயன் தரும். அத்தனை நேரமும் அக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு சமையலும் அலுவலகமும் பார்க்க யாரால் இயலும்? மேலும், புராஸ்டாகிளாண்டின்களின் மிகுதியால் குமட்டலும் தலைவலியும் சேர்ந்தே வருகிற பெண்ணுக்கு, அசையும் காட்சிகளால் தானே குமட்டலை உண்டாக்கக்கூடிய ஒரு கருவியை அணிவிப்பதில் விவேகம் வேண்டும். பனிமலையுங்கூட நெருப்புக்கு மாற்றாக அமைந்த காட்சி. மாதவிடாய் வலியில் தவிப்பவளோ வெந்நீர்ப் பையைத் தேடுகிறாள். அடிவயிற்றுக்குத் தொடர்ந்து இளஞ்சூடு கொடுப்பது இபுபுரோஃபெனுக்கு நிகராக நிவாரணம் தந்ததை 2001ஆம் ஆண்டின் ஒரு பரீட்சை காட்டியிருக்கிறது. பென்குவின்களுக்கு இங்கே வேலையில்லை.

ஆகவே கருவியின் உண்மையான உபயோகத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அது தளர்வுப் பயிற்சியைக் கற்பிக்கும் ஆசிரியனாக இருப்பதே. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஜெர்மானியரான ஷூல்ட்ஸ் 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வயப் பயிற்சியில், வயிற்றினுள் வெம்மை பரவுவதாக மனத்தில் பாவிப்பதும் ஓர் அங்கம். தசைத் தளர்வோடு மனக்காட்சியையும் சேர்த்து மாதவிடாய் வலிக்கே பிரயோகித்த டாஸ்டோவும் செஸ்னியும் தம் முடிவுகளை வெளியிட்டது 1974, 1975 ஆண்டுகளில். சூதகத்தின் தொடக்கத்தில் முறுக்கிப் பிடிக்கும் வலியுடையோர் பயனடைந்தனர், முன்னரே உடல் கனத்துச் சோர்வோர்க்கு அப்பயன் கிட்டவில்லை. அப்பெண்கள் எந்தக் கண்ணாடியும் அணியவில்லை என்பதை இன்றைய உற்சாகிகள் நினைவில் கொள்வது நலம்.

கண்ணாடி என்ன கூட்டித் தருகிறது? 2021ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென ஒரு மாயத்தோற்றச் சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. எட்டு வாரங்களில் 56 அமர்வுகள். உதரவிதானத்தால் ஆழ மூச்சிழுத்தலும் தளர்வும் அதில் பாடங்கள். வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகக் கூறியவர்கள் சிகிச்சை பெற்றோரில் 66 சதவீதம்; பாடமின்றி வெறும் தட்டைக் காட்சிகளைப் பார்த்தவர்களிலோ 41 சதவீதம். இந்த 41ஐ அலட்சியம் செய்வதற்கில்லை: எதிர்பார்ப்பும் ஓய்வும் மட்டுமே எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அது சாட்சி. ஆதலின் மாதவிடாய் வலியில் நம்பத்தக்க பரீட்சை எதுவும், கண்ணாடியோடு பயில்வோரை, அதே பாடத்தைக் காதால் மட்டும் கேட்டுப் பயில்வோரோடு ஒப்பிட வேண்டும். பல மாதச் சுழற்சிகள் தொடர வேண்டும். கடைசிச் சுழற்சியில் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதன்பின் எஞ்சும் வலியையும், அவ்வலிக்காக விழுங்கப்படும் மாத்திரைகளையும் அளக்க வேண்டும்.

பரீட்சைக்குப் பெண்களைத் தேர்வதிலேயே மற்றோர் அபாயமும் உண்டு. கருப்பை உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கருவுறும் வயதினரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரைப் பீடிப்பது. அது கண்டறியப்படாமலே பல ஆண்டுகள் கழிவதும் உண்டு. ஆண்டுக்காண்டு கடுமையாகும் வலி, மருந்துக்கு அடங்காத வலி, மாதவிடாய் அல்லாத நாட்களிலும் தோன்றும் வலி ஆகியவற்றை உடையவளுக்கு முதலில் வேண்டுவது வைத்தியரின் பரிசோதனை. தளர்வுப் பயிற்சி அதன் பின்னரே.