ஆலைத் தொழிலாளியும் இலக்குத் துப்பாக்கியும்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அவசரகாலம்தான் நினைவுக்கு வரும். 1948 முதல் 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள்! முள்வேலி, ஊரடங்கு, தோட்டத்து வாசலில் துப்பாக்கியோடு நின்ற சிறப்புக் காவலர் என்று அச்சத்தோடு கலந்துபோன சொல் அது. இன்று நான் பேசப்போவது வேறொரு துப்பாக்கியைப் பற்றி. ஒரு காகித அட்டையில் ஐந்து ஓட்டைகளை ஒரே ஓட்டைபோல் போடுவதுதான் இதன் வேலை. இந்தச் சிறு துப்பாக்கி ஆலைத் தொழிலாளிகளின் கைக்கு வந்த கதை சுவையானது. அதில் கொஞ்சம் கசப்பும் உண்டு.

1899ஆம் ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. போயர்கள் டச்சு வழிவந்த குடியானவர்கள். மாடு மேய்த்தும் மான் வேட்டையாடியும் வளர்ந்தவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஒரே வாரத்தில் மூன்று சண்டைகளில் பிரிட்டிஷ் படை தோற்றது. அந்த வாரத்திற்கு ஆங்கிலேயர்கள் 'கறுப்பு வாரம்' என்றே பெயர் வைத்தார்கள். உலகத்தின் பெரிய வல்லரசு, சம்பளப் பட்டாளம் பெரிதாக இல்லாத விவசாயிகளிடம் ஏன் தோற்றது? காரணங்கள் பல இருந்தன. ஆனால் பிரிட்டிஷ் மக்களின் மனத்தில் ஒன்றுதான் பதிந்தது: போயர்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியும், நகரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்தப் போரில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்துவிட்டுப் படைத்தலைமை ஏற்கப் போனவர் லார்ட் ராபர்ட்ஸ். ஊர் திரும்பிய பிறகு, ஒவ்வொரு தொழிலாளியும் குறிபார்த்துச் சுடப் பழகவேண்டும் என்று ஓயாமல் பேசியவரும் அவரே. ஆனால் பேச்சு எளிது, நடைமுறை கடினம். பட்டாளத்துத் துப்பாக்கியின் குண்டு மைல் கணக்கில் பறக்கும். அதற்கு ஊருக்கு வெளியே பரந்த திடல் வேண்டும். தோட்டாவும் விலை கூடியது. வாரம் முழுவதும் ஆலையில் வேலை செய்து, சனிக்கிழமை பிற்பகலும் இரவு நேரமும் மட்டுமே ஓய்வு உள்ளவன் அங்கே எப்படிப் போவான்?

வழி ஒரு சின்னஞ்சிறு தோட்டாவில் இருந்தது. 1845ஆம் ஆண்டு வாக்கில் பாரிசில் ஃப்ளோபேர் என்ற துப்பாக்கிக் கம்மியர் வீட்டுக்குள் விளையாட்டாகச் சுடுவதற்கென்று ஒரு சிறு தோட்டாவைச் செய்தார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் வெசன் கம்பெனி அதைச் சீர்ப்படுத்தி .22 தோட்டாவாக விற்றது. 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி நீண்ட வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. இன்றுவரை உலகம் முழுவதும் பயன்படுவது இந்த வடிவந்தான். குண்டின் அகலம் ஒரு அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, அதாவது சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். எடை இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூட.

பெரிய தோட்டாவின் அடிப்பகுதியில், நடுவில், தனியாக ஒரு சிறு கிண்ணம் இருக்கும். தீப்பற்றும் மருந்து அதற்குள் இருக்கும். சின்னத் தோட்டாவில் அந்தக் கிண்ணம் கிடையாது. அடியில் உள்ள விளிம்பு உட்குழிவாக இருக்கும். மருந்தை அந்த விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் நெருப்புப் பற்றும். இதனால் தோட்டாவைச் செய்யும் செலவு குறைந்தது. ஓசை குறைவு, தோளில் உதை இல்லையென்றே சொல்லலாம். இருபத்தைந்து கெஜ நீளமுள்ள ஓர் அறையும், கோடியில் குண்டைத் தாங்கும் இரும்புத் தகடும் இருந்தால் போதும்.

1901ஆம் ஆண்டு லண்டனில் 'உழைக்கும் மக்கள் துப்பாக்கிக் கழகங்களின் சங்கம்' தோன்றியது. இரண்டாண்டில் அது இன்னோர் அமைப்போடு சேர்ந்து 'சிறு துப்பாக்கிக் கழகங்களின் சங்கம்' ஆயிற்று. 1947 முதல் தேசியச் சிறுகுழல் துப்பாக்கிச் சங்கம் என்ற பெயரில் இயங்கிவருகிறது. ஆலை, ரயில்வே, அஞ்சலகம், மாதா கோயில் என்று மக்கள் கூடும் இடமெல்லாம் கழகங்கள் முளைத்தன. ஆலையின் கீழ்த்தளம், ரயில் பாலத்தின் வளைவு, கோயில் மண்டபம் ஆகியவை மாலை வேளையில் சுடுகளங்களாக மாறின. பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. கம்பெனி, ஒரு தோட்டா மட்டும் கொள்ளும் எளிய துப்பாக்கியை இவர்களுக்கென்றே செய்து தள்ளியது.

இனி, புதிதாகச் சேர்ந்தவன் அந்தத் துப்பாக்கியை எப்படிச் சீர்செய்து பழகுவான் என்று பார்ப்போம். நேயர்களே, இதை வீட்டில் செய்து பார்க்கும் காரியமாக எண்ணவேண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் குற்றம். பழகுவது அங்கீகாரம் பெற்ற கழகத்தில் மட்டுமே நடக்கும். அங்கும் முதல் பாடம் சுடுவது அன்று. குழல் எப்போதும் இலக்குப் பக்கமே பார்த்திருக்கவேண்டும்; சுடும்வரை உள்ளே தோட்டா இருக்கக்கூடாது. இதில் தவறியவனை அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது படுக்கும் முறை. வயிற்றின்மேல் சற்றுச் சாய்வாகப் படுத்து, இடது முழங்கையைத் துப்பாக்கிக்கு ஏறக்குறைய நேர்கீழே ஊன்றவேண்டும். இடது மேற்கையில் மாட்டிய தோல் வார் துப்பாக்கியின் முன்பகுதியோடு இணைந்திருக்கும். சுமையைத் தாங்குவது அந்த வாரும் எலும்பும்தான். தசையால் தாங்கினால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். பிறகு ஒரு சோதனை: குறிபார்த்து, கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சுவிட்டு, கண்ணைத் திறக்கவேண்டும். குறி விலகியிருந்தால் துப்பாக்கியைக் கையால் தள்ளி நேராக்கக்கூடாது. முழங்கையை அச்சாக வைத்து உடம்பையே நகர்த்தவேண்டும். புதியவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு படியைத்தான் சோம்பலால் தாண்டிவிடுகிறார்கள். தள்ளிப் பிடித்த துப்பாக்கி விசை அழுத்தும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடும்.

கண்ணருகே ஊசித்துளை போட்ட பின்குறி, குழல் முனையில் வளையம் வைத்த முன்குறி. இலக்கின் கறுப்பு வட்டம் அந்த வளையத்துக்குள் அமர்ந்து, சுற்றிலும் வெள்ளை சம அகலத்தில் தெரியவேண்டும். கண்ணின் கூர்மை வளையத்தின்மேல் நிற்கட்டும். இலக்கு சற்று மங்கினால் குற்றமில்லை. பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, விசையை நேராகப் பின்னோக்கி மெல்ல மெல்ல அழுத்தவேண்டும். ஏழெட்டு நொடிக்குள் குண்டு போகவில்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி மூச்செடுப்பதே நல்லது. சுட்ட பிறகும் ஒரு கணம் அசையாமல் குறியையே பார்த்திருக்கவேண்டும்.

ஐந்து குண்டு சுட்டாயிற்று. அவை நடுவில் விழவில்லையே என்று புதியவன் வருந்துவான். பழகியவர் கேட்பது வேறு: ஐந்தும் ஒன்றாக விழுந்தனவா? சிதறியிருந்தால் குறை சுடுகிறவனிடம் இருக்கலாம். குறிகளைத் திருகிப் பயனில்லை. ஒரே கூட்டமாக விழுந்திருந்தால்தான் பின்குறியைத் திருகலாம். குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்துவது விதி. பல துப்பாக்கிகளில் இருபத்தைந்து கெஜத்தில் நான்கு சொடுக்கு ஒரு கால் அங்குலத்துக்குச் சமம். கூட்டம் ஓர் அங்குலம் இடப்பக்கமும் அரை அங்குலம் கீழேயும் இருந்தால், வலப்பக்கம் பதினாறு சொடுக்கு, மேலே எட்டுச் சொடுக்கு. பிறகு மீண்டும் ஐந்து குண்டு. தோட்டாவிலும் வேறுபாடு உண்டு. ஒரு குழலுக்கு ஒத்துப்போகும் தோட்டா அடுத்த குழலுக்கு ஒத்துப்போகாது. பல வகைகளைச் சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

பால்மரம் வெட்டும் நேயர்களுக்கு இது புதிராகத் தோன்றாது. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது கைக்குத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. அதை நூற்றுக்கணக்கான மரங்களில், விடிவதற்கு முன்பே தொடங்கி, ஒரே மாதிரி செய்கிறவர்களுக்கு, ஒரே மாதிரி அறுபது முறை சுடுவது என்னவென்று விளக்கவேண்டியதில்லை.

இந்தக் கழகங்களின் போட்டிமுறையும் வேடிக்கையானது. பயணச் செலவுக்குப் பணம் ஏது? அவரவர் தம் கழகத்திலேயே சாட்சி முன்னிலையில் சுட்டு, அட்டையைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். எதிரியின் முகத்தையே பாராமல் பல ஆண்டுகள் போட்டியிட்டவர்கள் உண்டு. 1909இல் தொடங்கிய டூவார் கோப்பைப் போட்டியும் அப்படித்தான். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் இருபதுபேர் கொண்ட அணிகள் தத்தம் ஊரிலேயே சுட்டுக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டன.

கசப்பும் உண்டு என்றேனே, அது இதுதான். லண்டனில் தொழிலாளிக்குத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பழகச் சொன்ன அதே அரசு, இந்தியாவில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதித்திருந்தது. அங்கிருந்த ஐரோப்பியருக்கோ அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. நம் முன்னோர்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்த காலமும் அதுவே. ஒருவன் கையில் நம்பிக்கை, இன்னொருவன்மேல் சந்தேகம்! அந்த நம்பிக்கையும் இலவசமாக வந்ததன்று. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும், சுடப் பழகிய ஆலைப் பிள்ளைகள் பலர் போர்முனைக்குப் போனார்கள். அங்கே பெரும்பாலோரைக் கொன்றது பீரங்கி. குறிபார்க்கும் திறமை பீரங்கிக்கு முன் என்ன செய்யும்?

போருக்காக ஊட்டிய பழக்கம் போர் முடிந்த பிறகும் நிலைத்து, விளையாட்டாகத் தனியே வளர்ந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே சிறுகுழல் போட்டிகள் இருந்தன. 1948ஆம் ஆண்டு, இங்கே அவசரகாலம் தொடங்கிய சில வாரங்களில், லண்டனில் மீண்டும் ஒலிம்பிக் நடந்தது. படுத்துச் சுடும் போட்டியில் ஆர்தர் குக் என்ற இருபது வயது அமெரிக்க மாணவர் 600க்கு 599 புள்ளி எடுத்தார். அவருடைய நாட்டவரான வால்டர் டாம்சனுக்கும் 599. மைய வட்டத்தில் விழுந்த குண்டுகளை எண்ணினார்கள். குக்குக்கு 43, டாம்சனுக்கு 42. தங்கம் அந்த ஒரு குண்டில் போயிற்று.

இந்த விளையாட்டில் உடல்வலிமை முதலிடம் பெறாததால் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று போட்டியிட முடிந்தது. 1976இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் அம்மையாரும் லானி பாஷமும் மூன்று நிலைப் போட்டியில் ஆளுக்கு 1162 புள்ளி பெற்றார்கள். விதிப்படி தங்கம் பாஷமுக்குச் சென்றது. பரிசளிப்பில் தேசிய கீதம் ஒலித்தபோது அவர் அம்மையாரின் கையைப் பிடித்துத் தம் மேடைமேல் ஏற்றிக்கொண்டார். நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இதே மூன்று நிலைப் பிரிவில், பெண்களுக்கான போட்டியில், தங்கம் வென்றார்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர் மராட்டிய மாநிலத்து ஸ்வப்னில் குசாலே. இந்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர் வேலையில் சேர்ந்தவர் அவர். இறுதிச்சுற்றில் அவர் எடுத்த புள்ளி 451.4. ஐம்பது மீட்டர் தள்ளியிருந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர், நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது. அவர் துப்பாக்கியில் இட்டது 1887இல் வந்த அந்த விளிம்புத் தோட்டாவேதான்.