மாதிரி எரிமலைச் சோதனை

எரிமலை வெடிப்பின் தோற்றத்தை வேதிவினை ஒன்றின் மூலம் வகுப்பறையில் காட்டும் செய்முறை. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் பெரும்பாலும் இடம்பெறுவது.

இதன் முன்னோடி பிரெஞ்சு வேதியியலர் நிக்கோலா லெமெரி (1645–1715). இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் சம அளவில் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்தால் கலவை தானே சூடேறும். கோடையில் ஒருமுறை ஐம்பது லிவர் (ஏறக்குறைய 25 கிலோகிராம்) கலவையைப் பெரிய பானையில் அடைத்து, ஓரடி ஆழத்தில் புதைத்தார். எட்டு, ஒன்பது மணி நேரத்தில் மேல்மண் உப்பி, பிளந்து, முதலில் கந்தக ஆவியும் பின்னர் தீயும் வெளிவந்ததாகப் பாரிஸ் அரச அறிவியல் கழகத்திற்கு 1700இல் அளித்த கட்டுரையில் விவரிக்கிறார். வேடிக்கை காட்டுவது அவர் நோக்கமன்று. எரிமலை, நிலநடுக்கம், இடி, மின்னல் எல்லாவற்றுக்கும் நிலத்தடியில் இரும்பும் கந்தகமும் வினைபுரிவதே காரணம் என்று நிறுவ முயன்றார். இக்கருத்து 18ஆம் நூற்றாண்டில் செல்வாக்குடன் இருந்தது. ‘லெமெரியின் எரிமலை’ என்ற பெயர் அதன்பின்னும் வேதியியல் நூல்களில் நீடித்தது. 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்த ஹம்ஃப்ரி டேவி, இத்தகைய உலோகங்களைத் தண்ணீர் தொடுவதால் எரிமலை வெடிக்கலாம் எனச் சில காலம் கருதினார். இரண்டும் தவறு. உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து அழுத்தம் குறையும்போது, அதில் கரைந்திருந்த நீராவி முதலிய வாயுக்கள் பிரிந்து பொங்குவதே வெடிப்புக்குக் காரணம்.

அம்மோனியம் டைகுரோமேட் சோதனை ஜெர்மன் வேதியியலர் ருடால்ஃப் பாட்கரின் (1806–1881) பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஆரஞ்சு நிறப் படிகக் குவியலின் உச்சியில் தீ வைத்தால் பொறி பறக்க எரிந்து, உதிரித் தேயிலை போன்ற பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு குவியும். நைட்ரஜனும் நீராவியும் வெளியேறும். பார்வைக்கு இதை விஞ்சும் மாதிரி இல்லை. ஆனால் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. தூள் காற்றில் பரவக்கூடியது. எனவே இதைப் பள்ளியில் செய்யத் தகாது.

இன்று பரவலாக உள்ளது ஆப்ப சோடா முறை. களிமண் குன்றின் நடுவே சிறு புட்டியைப் புதைத்து, சோடாவையும் சிவப்புச் சாயத்தையும் போட்டு வினிகர் ஊற்றுவார்கள். வீடுகளில் எலுமிச்சைச் சாறும் உதவும். கார்பன் டைஆக்சைடு குமிழியிட்டுப் பொங்கும். சிறிது பாத்திரம் துலக்கும் திரவம் சேர்த்தால் நுரை கெட்டிப்படும். இவ்வினை வெப்பம் உறிஞ்சுவது, ‘எரிமலைக் குழம்பு’ தொட்டால் சில்லென்றிருக்கும். அமில-கார வினையைக் கற்பிக்க இது நல்ல பாடம்; நிலவியலைக் கற்பிக்க அன்று. கரைந்த வாயு திடீரெனப் பிரிவதைக் காட்ட, கோலா புட்டியில் மென்டோஸ் மிட்டாய் போடுவதே பொருத்தம்.

பீக்கரின் அடியில் மெழுகு, மேலே மணல், அதற்கு மேல் குளிர்ந்த நீர் வைத்துச் சூடாக்கும் முறையும் சில நாடுகளின் பள்ளிகளில் உண்டு.