பைபர் படகுக்குள் ஒளிந்திருக்கும் மரம்

‘பைபர் படகு இத்துப்போகாது’ என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கண்ணாடி நாரும் ரெசினும் மக்காது, சரி. ஆனா பழைய பைபர் படகுகள் பலவற்றில் நாம் கால் வைக்கும் தளம், அதைத் தாங்கும் கட்டைகள், எஞ்சின் மாட்டும் பின்பலகை எல்லாமே உள்ளுக்குள் பிளைவுட் அல்லது மரம். மேலே பைபர் போர்த்தியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

ராஜபாளையத்துக்காரனுக்குப் படகோடு என்ன வேலை என்று கேட்கலாம். எங்களுக்குக் கடல் பார்க்கணும்னா தூத்துக்குடி, நூறு கிலோமீட்டருக்கு மேல. ஆனா மரம் எங்கே இத்துப்போகும் என்பது எங்க ஊர்லயும் தெரிஞ்ச விஷயம். இங்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய மச்சு வீட்டைப் பிரிக்கும்போது பாருங்க. உத்தரத்தின் நடுப்பகுதி கல்லு மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் கையோடு உதிரும். காத்துப் படாத இடத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

நம்ம மீனவர்களுக்கு இது எப்பவோ தெரியும். கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியா மணலில் காயவைப்பார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும் என்பதால் செய்த வேலை. ஆனா அதிலேயே பராமரிப்பும் முடிந்துவிடும். எந்த மரம் கெட்டுப்போச்சு என்று கண்ணாலேயே தெரியும், அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

பைபர் படகு வேறு வழியில் வந்தது. கண்ணாடி நாரைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யும் முறை 1930களில் அமெரிக்காவில் வந்தது. 1942-ல் ஒஹாயோவின் டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் அதையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்துப் படகு செய்தார். மெல்லிய பைபர் ஓடு வளைந்து கொடுக்கும், அதனால் உள்ளே மரத்தை வைத்து விறைப்பாக்கினார்கள். 1971-ல் அங்கே படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தண்ணீர் நிரம்பினாலும் சிறு படகு மூழ்கக் கூடாது என்ற விதி அதைத் தொடர்ந்து வந்தது. நல்ல விதிதான். ஆனா தளத்துக்கு அடியில் நிரப்பிய நுரை, வருஷக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மேலிருக்கும் பிளைவுட்டை ஈரமாகவே வைத்திருந்தது.

இதுல வேடிக்கை, மரத்தை மக்கவைப்பதில் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மோசம். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், மழைநீர் தடுக்காது. ஒரு ஸ்க்ரூ ஓட்டை போதும், உள்ளே இறங்கிவிடும்.

மாற்றும் முறை இது. தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகணும். நல்ல இடம் ‘டக்’ என்று கேட்கும், கெட்ட இடம் ‘தொப்’ என்று. வெட்டும் முன் படகைக் கீழே பல இடங்களில் முட்டுக் கொடுக்கணும். இல்லைன்னா தளமும் கட்டையும் போனபின் ஓடு கோணிவிடும், கோணலோடயே புதுத் தளமும் ஒட்டிவிடும். ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி, ஈர நுரையை அள்ளி, நன்றாகக் காயவிடணும். அவசரப்படுறவங்க விடுற படி இதுதான். பிறகு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். அதுவும் மக்காத மரமில்லை, அதன் பசைதான் தண்ணீரைத் தாங்கும். அதனால் இரண்டு பக்கமும், முக்கியமா வெட்டிய விளிம்புகளிலும் எபாக்ஸி பூசணும். மரத்தில் பாலியெஸ்டரைவிட எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். ஸ்க்ரூ போடும் இடத்தில் பெரிய ஓட்டை போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சின்ன ஓட்டை போடணும். அப்போ தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

தமிழகத்தில் 1980களில் முட்டம் பக்கம் மரைன் பிளைவுட் வள்ளங்கள் வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இழந்த கட்டுமரங்களுக்குப் பதிலாகப் பைபர் படகுகள் பெருமளவில் கொடுக்கப்பட்டன. அப்போது செய்தவற்றுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. மேலே பெயிண்ட் புதுசா இருக்கலாம். எஞ்சின் அதிர்வையும் அலையின் அடியையும் தாங்குவது அதற்குள் இருப்பது. கட்டுமரம் தன் நோயைக் கரையிலேயே காட்டிவிடும், பைபர் படகு அதைக் கடலில் காட்டினால் பணத்தோடு முடியாது. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் ஒரு சுத்தியலோடு போய் வாருங்கள்.