கொழுகொம்பு, கால், பந்தல்: திராட்சைக் கொடியும் மூன்று சொற்களும்

தானாக நிமிர்ந்து நிற்க இயலாத கொடிக்குத் தமிழர் அமைத்துக் கொடுத்த துணைகள் கொழுகொம்பு, கால், பந்தல் என மூவகைப்படும். இளங்கொடி சுற்றி ஏறுவதற்கு அதன் அடியில் ஊன்றப்படும் குச்சியே கொழுகொம்பு. அது கொள்கொம்பு எனவும் வழங்கும். கோடு என்பது மரக்கிளையைக் குறிக்கும் பழஞ்சொல்லாதலின், ஆதரவு என்னும் பொருளில் வழங்கும் பற்றுக்கோடு என்ற சொல்லும் கொடியின் வாழ்விலிருந்தே கிளைத்தது எனக் கொள்ளலாம்.

கால் என்பது இங்கே தூண். பந்தக்கால், முகூர்த்தக்கால் என்னும் வழக்குகள் அதற்குச் சான்று. வெற்றிலைத் தோட்டத்தைக் கொடிக்கால் என்பதும் இப்பொருளுடன் இயைகிறது. அங்கே அகத்தியை முன்னரே விதைத்து, அது ஓரளவு வளர்ந்தபின் கொடியை நட்டு, ஏற ஏற நாரால் தளர்வாகக் கட்டிவிடுவர். உயிருள்ள அந்தக் கால் கொடியைத் தாங்குவதோடு நிழலும் தருகிறது. பண்டைய ரோமானியரும் திராட்சைக் கொடியை எல்ம் மரங்களில் ஏற்றி வளர்த்தனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பந்தல் என்பதன் பழைய வடிவம் பந்தர். சொல்லின் இறுதியில் லகரமும் ரகரமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தும் பொருள் மாறாமையைக் கடைப்போலி என்பர். சாம்பல், சாம்பர் என்பது போன்றதே இதுவும். அகநானூற்றின் 86ஆம் பாடலில் இச்சொல் திருமணப் பந்தலைக் குறிக்கிறது. தெலுங்கில் பந்திரி, கன்னடத்தில் ஹந்தர, மலையாளத்தில் பந்தல் என இனமொழிகளிலும் வழங்கும் இச்சொல், ஆங்கிலத்திலும் புகுந்து, கொல்கத்தாவின் துர்க்கை பூசைக் கொட்டகைகளுக்கும் பெயராயிற்று.

திராட்சை என்பது வடசொல்லாகிய திராக்ஷாவின் தமிழ் வடிவம். இப்பழத்திற்குக் கொடிமுந்திரி என்ற பெயரும் தமிழில் உண்டு. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த கொட்டைமரத்திற்கு முந்திரி என்னும் பெயர் சென்று நிலைத்துவிட, மலையாளம் மட்டும் இன்றளவும் திராட்சையை முந்திரி என்றே வழங்குகிறது. பழத்தின் பெயர் இவ்வாறு இடம் மாறினும், அதைத் தாங்கும் அமைப்பின் பெயர் மாறவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பந்தலிலேயே விளைகிறது. கல்தூண்களை நட்டு, அவற்றின்மேல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, கொடியை ஒற்றைத் தண்டாக ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் ஏற்றியபின் நுனியைக் கிள்ளி, எதிரெதிர்த் திசைகளில் இரு கிளைகளைப் படரவிடுகின்றனர். இலைகள் மேலே கூரையாகப் பரவ, குலைகள் கீழே நிழலில் தொங்குவதால் கடும் வெயிலில் கனி வெதும்புவதில்லை. தாங்குதலும் காத்தலும் ஆகிய இரு பணிகளையும் பந்தல் ஒருங்கே செய்கிறது.

சென்னைப் புறநகரின் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்ப் பகுதிகளில் வீட்டுப் புறக்கடையிலும் மாடியிலும் திராட்சை வளர்ப்போர் இம்முறைகளை மீட்டெடுப்பது பெரிதும் பயன்தரும். பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் சூழ்ந்த குன்றுகளின் கருங்கல், 1893இல் ஹாலண்ட் என்னும் புவியியலாளரால் சார்னோக்கைட் எனப் பெயரிடப்பட்ட கடினமான பாறையாகும். அத்தகைய கல் காலாக நின்றால் கறையானுக்கும் துருவுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. கல் கிடைக்காதவிடத்துச் சவுக்குக் கழியின் அடியைத் தீயில் கருக்கித் தார் பூசி நடுவது நம்மவர் கைக்கொண்ட எளிய வழி. இளங்கன்றுக்குத் தென்னங்கீற்று நிழல் போதும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் இப்பகுதியில், ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் பரவுமாதலின், டிசம்பர், ஜனவரியில் மழை ஓய்ந்தபின் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்து, ஏப்ரல், மே மாதங்களில் பழம் பறிப்பதே ஏற்றது.

வீட்டு மனைகளாகச் சுருங்கிவிட்ட புறநகர் நிலத்தில் ஒரு குழியளவு மண் இருந்தாலே முற்றம் முழுதும் நிழலும் கனியும் தரவல்லது பந்தல். விழா நாளில் வாடகைக்கு எடுத்து மறுநாள் பிரிக்கப்படும் கொட்டகைக்கு மட்டுமே அச்சொல் உரியதாகிவிடாமல், கொடி படரும் நிலையான பந்தலும் வீடுதோறும் எழுமாயின், சொல்லின் பழம்பொருளோடு அதனைச் சார்ந்த கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குச் சென்றுசேரும்.