செக் இன்ஜின் லைட் எரியுதா? சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஜி.எஸ்.டி ரோட்டில் பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர் பக்கம் கார் ஊர்ந்துட்டிருக்கு. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் வண்டி நகருது. டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் இன்ஜின் படம். "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். ஆயிரக்கணக்கில் பில். ஒரு வாரம் கழிச்சு மறுபடி அதே வெட்டு, அதே மஞ்சள் லைட்!

இது பலருக்கும் நடக்கிற கதைதான். காரணம், பல நேரம் சென்சார் கெட்டுப்போறதில்லை. அது சொல்ற தகவலைப் புரிஞ்சுக்காம சென்சாரையே கழற்றிப் போட்டுடுறோம். அந்த சென்சார் என்ன வேலை பண்ணுதுன்னு தெரிஞ்சா, பில்லைப் பார்த்து நாலு கேள்வி கேட்கலாம்.

நீங்க மிதிக்கிறது பெட்ரோலை இல்லை!

ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா பெட்ரோல் பாயும்னு நினைக்கிறோம். பெட்ரோல் காரில் நீங்கள் உண்மையில் திறப்பது காற்றுக்கான கதவை. அதுதான் த்ராட்டில். உள்ளே வந்த காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் வேணும்னு கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறப்பது ஈ.சி.யூ என்ற குட்டி கம்ப்யூட்டர்.

கணக்கு எளிமையானது. 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அப்படிப் பார்த்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு உங்கள் கார் சுமார் 9,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இந்த விகிதம் சுமார் 13.5 ஆகக் குறையும்.

காற்றுக்கு மிஞ்சி பெட்ரோல் போனால் 'ரிச்'. மைலேஜ் விழும், பெட்ரோல் வாடை வரும், கரும்புகை வரும், புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்ஸைடு ஏறும். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையே உருக்கிவிடலாம். அந்த பில் சென்சார் பில்லைவிடப் பெரியது. பெட்ரோல் குறைந்தால் 'லீன்'. வண்டி வெட்டும், இழுவை இருக்காது, மிஸ்ஃபயர் ஆகும்.

ஆக, எல்லாமே ஒரு கேள்வியில் நிற்குது: உள்ளே வந்த காற்று எத்தனை கிராம்?

எடை போட ரெண்டு வழி

முதல் வழி, மாஃப் சென்சார். ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் உட்கார்ந்திருக்கும். உள்ளே மெல்லிய கம்பி அல்லது படலம் ஒன்று கரன்ட்டில் சூடாகவே இருக்கும். காற்று வேகமாகப் போனால் சூடு குறையும். அதை மறுபடி சூடாக்க எவ்வளவு கரன்ட் செலவாகுது என்பதில் இருந்து காற்றின் எடை தெரியும். டீயை ஊதி ஆத்துறோமே, அதே கதைதான். 1.2 லிட்டர் இன்ஜின் ஐட்லிங்கில் நொடிக்கு சுமார் 2 முதல் 3 கிராம் காற்று இழுக்கும்.

இரண்டாவது, மேப் சென்சார். இது காற்றை நேரடியாக எடை போடாது. த்ராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்டில் அழுத்தத்தைப் பார்க்கும். வெளியே காற்றழுத்தம் சுமார் 100 கிலோ பாஸ்கல். ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் உள்ளே 30 முதல் 40 வரைதான் இருக்கும். முழுசா மிதித்தால் 100-ஐ நெருங்கும். இந்த அழுத்தம், காற்றின் வெப்பநிலை, இன்ஜின் வேகம் மூணையும் சேர்த்து ஈ.சி.யூ எடையைக் கணக்கிடும். நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது இதுதான்.

ரெண்டுமே பழைய ஐடியா. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ல் அழுத்தத்தை அளக்கும் டி-ஜெட்ரானிக் அமைப்பையும், 1970-களில் காற்றோட்டத்தை அளக்கும் எல்-ஜெட்ரானிக் அமைப்பையும் கொண்டுவந்தது. டி என்றால் ஜெர்மன் மொழியில் அழுத்தம், எல் என்றால் காற்று. நம்ம பக்கம், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, எம்.பி.எஃப்.ஐ இன்ஜினோடுதான் வந்தது. அதன்பின் மாசு விதிகள் இறுக இறுக, கார்புரேட்டர் கார்கள் காணாமல் போயின.

டீசல் காரில் கதை கொஞ்சம் வேற. அங்கே மிதி நேரடியாக டீசல் அளவைத்தான் கேட்கும். மாஃப் சென்சார் முக்கியமாக ஈ.ஜி.ஆர் வால்வையும் புகையையும் கட்டுப்படுத்த உதவும்.

மீனம்பாக்கம் வெயிலும் கொடைக்கானல் குளிரும்

மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி அடிக்கிற மதியம், டிசம்பரில் 22 டிகிரி இருக்கிற காலை. இந்த ரெண்டுக்கும் நடுவில் அதே அளவு காற்றின் எடை சுமார் 6 சதவிகிதம் மாறும். தாம்பரத்தில் இருந்து வீக் எண்டுக்கு கொடைக்கானல் போனால், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் மலை ஏறும்போது திணறி, கறுப்பாகப் புகை விட்டதுக்கு இதுதான் காரணம். இப்போது சென்சார் பார்த்து, பெட்ரோலைத் தானாகவே குறைத்துவிடும். இழுவை கொஞ்சம் குறையுறது மட்டும் இயல்பு. அதுக்காக மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

ஒரே ஓட்டை, ரெண்டு விளைவு

மெக்கானிக்குகளே சறுக்கும் இடம் இது. த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கு, அது வழியா காற்று திருட்டுத்தனமா உள்ளே போகுதுன்னு வைங்க.

மாஃப் சென்சார் உள்ள காரில் அந்தக் காற்று சென்சாரைக் கடந்து வரவே இல்லை. கணக்கில் வராத காற்று. அதனால் பெட்ரோல் பத்தாமல் வண்டி லீன் ஆகும். ஸ்கேனரில் பி0171 என்று வரும்.

மேப் சென்சார் உள்ள காரில் அதே ஓட்டையால் மேனிஃபோல்டின் அழுத்தம் ஏறும். சென்சார் அதை அப்படியே சொல்லும், ஈ.சி.யூ பெட்ரோலைக் கூட்டும். அதனால் இங்கே பெரும்பாலும் தெரிவது, ஐட்லிங் ஆர்.பி.எம் ஏறி நிற்பது.

ரெண்டு காரிலும் சென்சார் பொய் சொல்லவில்லை. குற்றவாளி, அதைவிட ரொம்பவே மலிவான ஒரு ஹோஸ்!

தூசியும் தண்ணியும்

தென் சென்னைப் புறநகர் இந்த சென்சார்களுக்குச் சவாலான இடம். மேடவாக்கம், வேளச்சேரி ரோடு, வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு என்று லாரிகளும் கட்டட வேலைகளும் கிளப்பும் தூசி, ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்றால் தூசி மாஃப் கம்பியில் படியும். படிந்தால், வண்டி இழுக்கும் நேரத்தில் காற்றைக் குறைவாகக் காட்டும். எண்ணெய் தடவிய 'பெர்ஃபாமன்ஸ்' ஃபில்டரில் எண்ணெய் அதிகமானாலும் இதே நிலைமைதான்.

அடுத்தது மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் கார்கள் மூழ்கியதைப் பார்த்தோம். காற்று போகும் வழியில் தண்ணீர் போனால் சென்சார் மட்டுமல்ல, பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளையலாம். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. டோ பண்ணி எடுத்துட்டுப் போறதுதான் பாதுகாப்பு.

பில் போடுறதுக்கு முன்னாடி...

* கோடு நம்பரைக் கேளுங்க. பி0100 முதல் பி0104 வரை மாஃப், பி0105 முதல் பி0109 வரை மேப். பி0171 என்றால் லீன், பி0172 என்றால் ரிச். கடைசி ரெண்டும் விளைவைத்தான் சொல்லுது, எந்த பார்ட் கெட்டதுன்னு சொல்லலை.

* ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி போர்ட்டில் ப்ளூடூத் ஸ்கேனர் மாட்டினால் மொபைலிலேயே 'ஃப்யூல் ட்ரிம்' பார்க்கலாம். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து ஈ.சி.யூ பெட்ரோலை எத்தனை சதவிகிதம் கூட்டிக் குறைக்குது என்ற கணக்கு இது. ப்ளஸ் மைனஸ் 5 என்றால் நிம்மதி. 10-ஐத் தாண்டியே நின்றால் தேட வேண்டும்.

* மேப் சென்சாருக்கு ஈஸி டெஸ்ட்: இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்க. சென்னையில் 100 கிலோ பாஸ்கலை ஒட்டிக் காட்டணும். ஸ்டார்ட் செய்ததும் 30 - 40 பக்கம் இறங்கணும்.

* ஏர் ஃபில்டர், ஹோஸ், க்ளாம்ப், சென்சார் கனெக்டரில் பச்சை பூத்திருக்கா... இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்க.

* மாஃப் கம்பியை அதற்கான ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யணும். துணி, பிரஷ், கார்புரேட்டர் க்ளீனர் கூடவே கூடாது. முழுசா காய்ந்த பிறகு மாட்டணும்.

* மாற்றியே ஆகணும் என்றால் பார்ட் நம்பரைச் சரிபாருங்க. புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பழைய சென்சார், வேறு இன்ஜினுக்கானதாக இருந்தால் மாட்டினாலும் கணக்கு தப்பும். கழற்றிய பழைய சென்சாரைக் கையில் வாங்கிக்கோங்க.

மஞ்சள் லைட் நிலையா எரிந்தால் பதற வேண்டாம், இந்த வாரத்துக்குள் செக் பண்ணுங்க. விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். அப்போது மட்டும் வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டிடுங்க. அந்த நிமிஷம் காப்பாற்றப்படுவது கேட்டலிடிக் கன்வெர்ட்டரும், கூடவே உங்க பர்ஸும்!