சியூ சீன் (1875–1907)

சீனப் புரட்சியாளர், கவிஞர், பெண்ணுரிமைப் போராளி. சிங் மன்னராட்சியை எதிர்த்தவர். சிறுவயதில் கட்டிக் குறுக்கப்பட்ட தம் பாதங்களின் கட்டை அவிழ்த்தெறிந்தார். நகைகளை விற்றுப் பணம் திரட்டி, கணவர் வீட்டை விட்டு 1904இல் ஜப்பானுக்குப் படிக்கப் போனார். ஜப்பானியக் கிமோனோ உடையில், கையில் குத்துவாளுடன் அவர் எடுத்துக்கொண்ட படம் இன்றும் புகழ்பெற்றது. நாடு திரும்பி 1907இல் ஷாங்காயில் பெண்களுக்கென இதழ் நடத்தினார்; ஷாவோசிங் நகரப் பள்ளியொன்றில் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். கிளர்ச்சித் திட்டம் வெளிப்பட்டபோது தப்பியோட மறுத்தார். 1907 ஜூலை 15 அன்று தலை வெட்டப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1911 புரட்சியில், சிங் ஆட்சி கவிழத் தொடங்கியது.

தமிழருக்கு இவரை அறிமுகப்படுத்தியவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலம் இருந்தவர் அவர். பெண் விடுதலைக்கு முன்மாதிரி தேடியபோது அவர் பார்வை ஐரோப்பாவோடு நிற்காமல் சீனத்துக்கும் சென்றது பெரிதும் போற்றத்தக்கது. சியூ சீனின் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதி, அவர் கவிதையையும் தமிழில் தந்தார். பாரதியின் கட்டுரைத் தொகுப்புகளில் அதைப் படிக்கலாம்.

சியூ சீனின் கல்லறை ஹாங்சோ நகரின் மேற்கு ஏரிக்கரையில் உள்ளது.