'தெரியாது'ன்னு சொல்லத் தெரிஞ்ச மெஷின்

போன மாசம் அப்பா ரெண்டு மாத்திரை பேரைச் சொல்லி, "சேர்த்துப் போடலாமா?"ன்னு போன்கிட்ட கேட்டார். கண் மங்கினதுல இருந்து அவருக்கு எல்லாமே வாய்க்கேள்விதான். போன் டக்குன்னு ஒரு பதில் சொல்லிச்சு. டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டோம், அது வேற விஷயம். ஆனா அந்தத் தயக்கமே இல்லாத குரல் மட்டும் எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்தது. அதான் இந்தப் பழங்கதை.

கேள்விக்குப் பதில் சொல்ற மெஷின் புதுசு இல்லீங்க. 1961லேயே 'பேஸ்பால்'னு ஒரு நிரல் அமெரிக்காவுல இருந்தது. அமெரிக்கன் லீக்கோட ஒரு சீசன் ஆட்ட விவரம் மட்டும் அதுக்குத் தெரியும். கேள்வியைத் துளையிட்ட அட்டையில கொடுக்கணும். காது கிடையாது. பதிலெல்லாம் முன்கூட்டியே அடுக்கி வெச்ச பட்டியல்ல இருந்துதான்.

காது வந்த கதையில எனக்குப் பிடிச்சது 'ஜூபிடர்'. எம்.ஐ.டி.யில விக்டர் ஸூ குழு செஞ்சது (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்ல, அமெரிக்காவுல இருக்கிறது :-)). 1997 மே மாசத்துல இருந்து வட அமெரிக்காவுல யார் வேணா இலவச எண்ணுக்கு போன் போட்டு பல ஊர்களோட வானிலையைக் கேட்க முடிஞ்சது. இதுல விசேஷம் என்னன்னா, வானிலை அறிக்கைங்கிறது மனுஷங்க எழுதின வாக்கியம். அதை நிரலே படிச்சு ஊர், நாள், மழை, வெயில்னு பிரிச்சு வெச்சுக்கும். ரெண்டு வருஷத்துல 30,000 அழைப்புகளுக்கு மேல வந்தது. அந்தக் குழு மெனக்கெட்ட வேலைகள்ல ஒண்ணு, சரியா காதுல விழாத பேச்சை ஒதுக்கறது. குத்துமதிப்பா பதில் சொல்றதைவிட 'புரியல'ன்னு சொல்றது மேல் இல்லையா?

இன்னொரு பக்கம், 1999ல் 'ட்ரெக்' என்ற ஆய்வுப் போட்டியில கேள்வி-பதில் பிரிவு ஆரம்பிச்சாங்க. மலை மாதிரி செய்தித்தாள் கட்டுரைகளைக் கொடுத்து, அதுக்குள்ள இருந்து சின்னதா ஒரு பதிலை எடுக்கச் சொல்வாங்க. முதல்ல எல்லாக் கேள்விக்கும் குவியல்ல எங்கேயாவது பதில் இருக்கும். 2001ல் அந்த உத்தரவாதத்தை எடுத்துட்டாங்க. பதில் இல்லேன்னா 'இல்லை'ன்னு சொன்னாதான் மார்க்.

அப்புறம் 2011 பிப்ரவரி. ஐ.பி.எம். வாட்சன், 'ஜெப்பர்டி' வினாடி வினாவுல ரெண்டு பெரிய சாம்பியன்களை ஜெயிச்சது. ஆனா அதுக்குக் காது கிடையாது, கேள்வி எழுத்தாத்தான் போகும். கென் ஜென்னிங்ஸ் தப்பா சொன்ன '1920கள்' பதிலை வாட்சனும் அப்படியே திருப்பிச் சொல்லிச்சு! இன்னொரு கேள்விக்கு, அமெரிக்க நகரம் கேட்டா டொரான்டோன்னு எழுதிச்சு. ஆனா பக்கத்துலேயே அஞ்சு கேள்விக்குறி. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கென்னவோ அன்னிக்கு வாட்சன் செஞ்சதுலேயே நேர்மையான காரியம் அந்த அஞ்சு கேள்விக்குறிதான்.

அதே வருஷம் அக்டோபர்ல ஐபோனுக்கு 'சிரி' வந்தது. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தது, 2023ல் அதுகூட பேசவும் முடிஞ்சது. காதும் நூலகமும் கடைசியில ஒண்ணு சேர்ந்தாச்சு. ஆனா இந்த அவசரத்துல கேள்விக்குறி எங்கேயோ விழுந்துடுச்சு. திரையில பத்து சுட்டி வந்தா, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலேன்னு நமக்கே சந்தேகம் வரும். காதுல விழறது ஒரே பதில். கேள்விக்குறி காதுக்குக் கேட்காது. மெஷின் வாயைத் திறந்து 'எனக்கு நிச்சயமில்லை'ன்னு சொன்னாதான் உண்டு. கண் தெரியாதவங்களுக்கும் படிக்கத் தெரியாதவங்களுக்கும் வேற வழியே இல்ல.

இப்பல்லாம் அப்பா ஒவ்வொரு பதிலுக்கும் போனை விடாம கேட்கிறார்: "இதை யார் சொன்னா? எங்க போட்டிருக்கு?"

அறுபது வருஷ ஆராய்ச்சியோட சாரம் அந்த ரெண்டு கேள்வியில இருக்குன்னு தோணுது. உங்க வீட்டுப் பெரியவங்க எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க.